பாண்காரனின் மருமகன்

என் அண்ணன் தன் வாழ்க்கையில் ரோமாபுரியைப் பற்றி அக்கறைப்பட்டது ஒரே ஒரு சனிக்கிழமைதான். அன்றைக்கும் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு விஷயம்.

அண்ணனின் மகள் ஒரு பெடியனை விரும்பினாள். அவன் இங்கே கனடாவில் பிறந்தவன், பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவன். ரோம ராச்சியத்தின் கடைசிக் காலத்தில் அதன் ஆப்பிரிக்க மாகாணத்து நகரங்களில் சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அவனுடைய ஆராய்ச்சி. நல்ல உத்தியோகம், நல்ல குணம், தமிழும் கதைப்பான். கலியாணம் கட்டட்டுமா என்று அவள் கேட்டதற்கு, அண்ணன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

அவள் கவலைப்படவில்லை. தகப்பனின் மேடைப் பேச்சுகளைச் சின்ன வயதிலிருந்தே முன்வரிசையில் இருந்து கேட்டு வளர்ந்தவள். "அப்பா உதெல்லாம் பாக்கிற ஆள் இல்லை மாமி. அவர் வாயாலை ஓம் எண்டு சொன்னாப் பிறகுதான் நாங்கள் ஹோல் புக் பண்ணுவம்" என்று என்னிடம் சொன்னாள். முப்பது வயது, தன் காசில் வீடு வாங்கியவள். யாரையும் கேட்காமலே கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவளுக்குத் தகப்பனின் ஓம் வேண்டியிருந்தது.

அண்ணனுக்கோ தொண்டையில் முள். எங்கள் ஆட்கள் இப்போது யாரிடமும் சாதி கேட்பதில்லை, அவ்வளவு நாகரிகம் வந்துவிட்டது. "ஊரிலை எவடம்?" என்றுதான் கேட்பார்கள். பிறகு கிழக்கா மேற்கா, பிறகு எந்தக் கோயிலடி, பிறகு எந்த ஒழுங்கை. கேள்வி முடிவதற்குள் முன்னால் நிற்கிறவனின் பூட்டன் என்ன தொழில் செய்தான் என்பதுவரை வெளியே வந்துவிடும். ஆனால், சாதிதான் எங்களைக் கெடுத்தது என்று ஸ்காபரோ மண்டபங்களில் இத்தனை வருடம் தொண்டை கிழியப் பேசிவிட்டு, மகள் விரும்பிய பெடியனிடம் அதை எந்த வாயால் கேட்பது? அண்ணனுக்கு மானத்தைவிட மைக் முக்கியம். அதனால் எனக்குப் போன் எடுத்தார்.

"பெடியனைக் கூப்பிட்டு எங்கடை ஊர் ஒன்றியத்திலை ஒரு பேச்சு வைப்பமெண்டு பாக்கிறன்."

"எதைப் பற்றி?"

"அவன் படிப்பிக்கிறது என்னவோ, அதைப் பற்றித்தான். உந்த ரோமாபுரி."

"உங்கடை ஆக்களுக்கு ரோமாபுரி எதுக்கு அண்ணை?"

"சனத்துக்கு அறிவு வளரட்டுமன். தாய் தகப்பனையும் வரச் சொல்லு. பழகினமாதிரியும் இருக்கும்."

எனக்கு விளங்கிவிட்டது. தான் கேட்க முடியாததைக் கேட்பதற்கு ஒரு சபையையே கூட்டப் போகிறார்.

சபையும் கூடியது. ஸ்ரௌவ்விலிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் பெரிய பெரிய கார்களில் வந்து இறங்கினார்கள். பேரப்பிள்ளையின் பட்டமளிப்பிலிருந்தே பாதியில் எழும்பிப் போகிற சனம், ஆப்பிரிக்காவில் ரோமர்கள் எப்படிக் குளித்தார்கள் என்று கேட்க நேரத்தோடு வந்து கதிரை பிடித்திருந்தது. விளக்கேற்றல், மௌன அஞ்சலி, தமிழ்த்தாய் வாழ்த்து, கனடா கீதம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. முன்வரிசையில் பட்டம் இல்லாத ஆள் ஒருவரும் இல்லை. ஒருவர் சமூகத் திலகம், அடுத்தவர் சேவைச் செம்மல். இந்த வருடம் இவர் அவருக்குக் கொடுப்பார், வருகிற வருடம் அவர் இவருக்குக் கொடுப்பார்.

பெடியன் வந்து பேசத் தொடங்கினான். பாவம், அவன் ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்திருந்தான். வெயிலில் காய்கிற ஒரு சின்ன நகரத்தைப் படத்தில் காட்டினான். சந்தைத் திடல் முழுக்கச் சிலைகள். ஊரை நேசித்தவர், ஊரை அழகாக்கியவர் என்று பீடத்தில் வெட்டியிருக்குமாம். பெரிய மனிதருக்கென்று ஒரு பட்டம் இருக்குமாம். கொஞ்சக் காலத்தில் அது எல்லாரிடமும் வந்துவிட, அதைவிடப் பெரிதாக இன்னொன்று செய்வார்களாம், பிறகு அதையும்விடப் பெரிதாக ஒன்று. முன்வரிசை ரசித்துத் தலையாட்டியது. வெட்கம் என்பது அந்த வரிசையில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

நகரசபைப் பதவி தகப்பனிலிருந்து மகனுக்கு வருமாம். வந்தவன் வரியையும் அறவிட வேண்டும், ஊரின் குளிப்பிடத்துக்கு விறகும் போட வேண்டும். வசதியுள்ளவன் ஒரு பெரிய உத்தியோகத்தைப் பிடித்துக்கொண்டோ தேவாலயத்துக்குள் நுழைந்துகொண்டோ தப்பிவிடுவானாம். பிறகு தப்ப முடியாதவர்களின் கதைக்கு, பாண் சுட்டு விற்கிற பேக்கரிக்காரர்களின் கதைக்கு, வந்தான்.

"பாண் போடுறவன்ரை மகன் பாண்தான் போட வேணும். அது லோ. வேறை ஆரும் பாண்காரன்ரை மகளைக் கட்டினால் அந்த மருமகனும் பாண் போட வேணும். லவ் பண்ணினதுக்கு அதுதான் பனிஷ்மென்ற்."

சபைக்குள் ஒரு முணுமுணுப்பு. "என்ன அநியாயம்" என்றார் சேவைச் செம்மல். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை, மைக்கை வாங்கிவிட்டார். "பிறந்த வீட்டை வைச்சு மனிசனை அளக்கிற சமுதாயம் உருப்படுமோ? அதுதான் ரோமாபுரி அழிஞ்சுது" என்று முழங்கினார். கைதட்டல் நிற்க நேரமெடுத்தது. படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அண்ணனின் மகள் மட்டும் பெருமையில் முகம் சிவந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பேச்சிலேயே ஓம் கேட்டுவிட்டது.

இடைவேளை விட்டார்கள். பெடியனின் தகப்பனுக்கு அன்று விமான நிலையத்தில் வேலை. தாய் மட்டும் வந்திருந்தார், வெறுங்கையோடு வராமல் பெரிய தட்டுகளில் ரோல்ஸும் உளுந்து வடையும் கேசரியும் செய்து கொண்டுவந்திருந்தார். அதிகம் பேசாத மனிசி. எல்லாருடைய தட்டையும் பார்த்துப் பார்த்துப் போட்டார். சனம் பாய்ந்தது. அண்ணன் நின்றபடியே மூன்று வடையும் அதற்குமேல் கேசரியும் சாப்பிட்டார். போதாதென்று வீட்டுக்கும் வேண்டும் என்றார்கள். மனிசி சந்தோஷத்தோடு அலுமினியத் தாளில் சுற்றிச் சுற்றிப் பார்சல் கட்டிக் கொடுத்தார். "வடையைச் சாப்பிடேக்கையே தெரியுது, நல்ல ஆக்கள்தான்" என்று சமூகத் திலகத்தின் மனைவி என் காதுக்குள் சொன்னார். நாக்கால் சாதி பார்க்கிற வித்தையை அன்றுதான் கண்டேன்.

பிறகு கேள்வி நேரம். மடியில் பார்சலோடு எல்லாரும் இருந்தார்கள். அண்ணன் சமூகத் திலகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்துக் குனிந்துகொண்டார்.

"நல்ல பேச்சு தம்பி" என்று எழும்பினார் திலகம். "உந்த ரோமாபுரியைக் கொஞ்சம் விடுவம். அப்பா ஊரிலை எவடம்?"

பெடியன் மைக்கைப் பிடித்தபடி தாயைப் பார்த்தான். அவர் தலையைக் குனியவில்லை.

"அங்கிள், நீங்கள் ஒவ்வொண்டாக் கேட்டுக் களைக்க வேண்டாம். நான் எல்லாத்தையும் சேத்துச் சொல்லிவிடுறன். உங்கடை ஊருக்குப் பக்கத்து ஊர்தான். அப்பான்ரை அப்பா தலைமயிர் வெட்டினவர். சைக்கிளிலை உங்கடை ஊருக்கும் வந்து போறவர். இஞ்சை இருக்கிற கொஞ்சப் பேருக்கு அவர் வெட்டியும் இருப்பார். ஏன் பாண்காரரைப் பற்றி ரிசேர்ச் பண்ணுறாய் எண்டு யூனிவர்சிற்றியிலையும் கேக்கிறவை. இதுதான் ஆன்ஸர்."

செயலாளர் ஓடிவந்து அவசரமாக நன்றியுரையை வாசித்து முடித்தார். திடீரென்று எல்லாருக்கும் வேறு அலுவல் இருந்தது. ஒருவருக்கு மருமகளை வேலையிலிருந்து ஏற்ற வேண்டும், இன்னொருவருக்குச் செத்தவீடு. ஒருவரும் ஒரு சொல் பிழையாகச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். எழும்பும்போது மடியில் இருந்த பார்சலைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்கள். சமூகத் திலகத்தின் மனைவி கைப்பைக்குள் வைத்ததைத் தேடி வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு அருவருத்தது. சாப்பிட்டு முடித்த வடையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

மண்டபம் வெறுமையானபோது கதிரைகளில் அலுமினியப் பார்சல்கள் வரிசையாக இருந்தன. பெடியனின் தாய் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொறுக்கத் தொடங்கினார். அண்ணனின் மகளும் மற்றப் பக்கத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தாள். தகப்பனின் கதிரையில் இருந்ததை எடுத்தபோது மட்டும் நின்றாள். அவர் வாசலில் கோட் போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"அப்பா, உங்கடை பார்சல்."

அண்ணன் கையை நீட்டவில்லை. மகளின் முகத்தையும் பார்க்கவில்லை.

"எனக்குச் சுகர் எல்லே பிள்ளை. உந்தச் சாமான் ஒத்துவராது."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு நாளும் காத்திருந்த பதில் அதுதான் என்று அவளுக்கு விளங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"அப்ப சரி அப்பா. கலியாணச் சாப்பாடும் இவைதான் சமைப்பினம். உங்களுக்கு ஒத்துவராது, நீங்கள் வர வேண்டாம்."

பார்சலைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பெடியனின் தாயிடமிருந்து பெரிய தட்டை வாங்கித் தூக்கியபடி அவர்களுடைய காருக்கு நடந்தாள்.