ஹெலன் ஜெபம்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு காரியம் முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் அதற்குப் பெயர் ஹெலன் ஜெபம். சாக்கடைக்கு மூடி போடுவதும் ஹெலன் ஜெபம், மெட்ரோ தூண் எழும்புவதும் ஹெலன் ஜெபம். பொம்மசந்திரா மருந்துக் கம்பெனி பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த கன்னடப் பெண்கூட, சில்க் போர்டு சிக்னல் நெரிசலைப் பார்த்து அதையே சொன்னாள். சொல்லிவிட்டு, பக்கத்து சீட்காரியிடம், "யாருக்கா அந்த ஹெலன்? கொத்தா, தெரியுமா?" என்று கேட்டாள். பக்கத்து சீட்காரியான ஹெலன், தெரியாதென்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லாம் தியோடர் வீட்டுக் கல்யாணத்தில் ஆரம்பித்தது. தியோடர் சபை மூப்பர், ஹெலனுக்குப் பெரியப்பா மகன். இருவரும் பிறந்தது கோலார் தங்கவயல், பூர்வீகம் வட ஆற்காடு. பெங்களூரில் பிரியாணிக்கா பஞ்சம்? ஆனால் மகள் கல்யாணத்துக்கு ஆம்பூரிலிருந்துதான் அண்டா வரவேண்டும் என்று தியோடர் ஒற்றைக்காலில் நின்றார். அண்டா ஏறிய வேன் அத்திபெலே நெரிசலில் மாட்டிக்கொண்டது. இங்கே மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். இலையில் வெங்காயப் பச்சடி மட்டும் இருந்தது.

ஜெபம் முடியாமல் யாரும் இலையில் கை வைக்கமாட்டார்கள். தியோடர் அந்த வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஜெபிக்க எழுந்த ஹெலனின் காதோரம் குனிந்தார்.

"வண்டி இப்பத்தான் பானஸ்வாடி வந்திருக்குதும்மா. அண்டா எறக்கற சத்தம் கேக்கறவரைக்கும் ஆமென் சொல்லிடாத. மானம் போயிடும்."

ஹெலன் மணமக்களுக்காக ஜெபித்தாள். துபாயில் இருப்பவர்களுக்காக, சர்க்கரை வியாதிக்காரர்களுக்காக, தங்கவயலில் மூடிய சுரங்கம் திறக்க, ஏரிகள் நிரம்ப, பஸ் டிரைவர்களுக்குப் பொறுமை கிடைக்க ஜெபித்தாள். வழியில் சிக்கிய வண்டிகளுக்காகக் கொஞ்சம் அழுத்தியே கேட்டுக்கொண்டாள். முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடியவாக்கில் தூங்கியே போனார். அண்டா இறங்கும் சத்தம் கேட்டதும் ஆமென் சொன்னாள். கண் திறந்தவர்களுக்குச் சுடச்சுடப் பிரியாணி விழுந்தது.

சம்பந்தி வீட்டாருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஹெலனுக்கு நிறுத்தத் தெரியாது என்பதுதான். அதன்பிறகு அவளை யாரும் ஜெபிக்கக் கூப்பிடவில்லை. ஊர் சிரித்தபோது தியோடரும் கூடவே சிரித்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளை மகள் மலர்தான் அசைத்தாள். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள், "சாப்பாட்டு ஜெபம் தியோடர் மாமா பண்ணட்டும்மா. இல்லன்னா மாப்பிள்ளை வீட்ல நக்கல் அடிப்பாங்க" என்றாள். பெற்ற மகளுக்கு ஜெபிக்கத் தனக்கு வாயில்லையா என்று ஹெலனுக்கு அழுகை முட்டியது. நேரே தியோடரிடம் போனாள்.

"அண்ணா, அன்னைக்கு நடந்தத மலர்கிட்ட மட்டுமாவது சொல்லுங்க."

"ஒரு வாய்லேர்ந்து இன்னொரு வாய்க்குப் போயிடும்மா. எம் பொண்ணு அந்த வீட்ல வாழணும்ல."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ஹெலனே மலரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் தியோடரின் மகளையும் தூக்கி வளர்த்தவள் அவள். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் எல்லாரும் உட்கார்ந்ததும் தியோடர் எழுந்து தொண்டையைச் செருமினார். "பயப்படாதீங்க, ஹெலன் ஜெபம் மாதிரி இழுக்கமாட்டேன்." கூடமே சிரித்தது. மலரும் சிரித்தாள்.

ஹெலன் எழுந்தாள். "நீங்க உக்காருங்கணா. எம் பொண்ணுக்கு நான் பண்றேன்."

எங்கே போட்டு உடைத்துவிடுவாளோ என்று தியோடருக்கு வியர்த்தது. உட்கார்ந்துவிட்டார்.

இந்தமுறை எந்த வண்டியும் வரவேண்டியதில்லை. அண்டா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பரிமாறுகிறவர்கள் காத்திருந்தார்கள். ஹெலன், மலர் குறைமாதத்தில் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். மஞ்சள் காமாலை, பத்தாவதில் கணக்கில் பெயிலானது, அப்பாவை அடக்கம் செய்த அன்று அழாமல் நின்றது, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் செருப்பு வாங்கியது என்று எதையும் விடாமல் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். நடுவில் யாரோ இருமிக் காட்டினார்கள். மலர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டுக்கும் ஹெலன் நிறுத்தவில்லை.

ஆமென் சொன்னபோது சாப்பாடு நன்றாக ஆறிப்போயிருந்தது. ஹெலன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, முதல் ஆளாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.