நாலாம் அறையை விட்டது யார்

பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையை விட்டு வெளியே வந்து, தோளில் பையோடு தெற்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆவி, பேய், தெய்வச் செயல் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. தங்க இடம் இல்லாமல் கரூரில் ஒரு மாதம் சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்திருக்கிறேன், கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. அப்படிப்பட்டவன்தான் அன்று மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள்.

நான் பத்தாவதோடு நின்றவன். திருப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பெருக்கித் துடைத்துக்கொண்டே சர்வர் வேலை கற்றுக்கொண்டேன். ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் பாண்டிச்சேரியில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு குளிர்கிடங்கில் சேர்ந்தேன். அங்கே பன்னிரண்டு குளிர் அறைகள். அறைக்கு ஒரு சின்ன சர்வர். குளிரைக் குறித்து வைப்பதும் கதவுப் பூட்டை இயக்குவதும் அதுதான். அமைப்புகளை மாற்றினால் எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அதற்குக் கட்டளைகளை வரிசையாக அடுக்கி நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். ரீஸ்டார்ட் ஆகும்போது கதவு பூட்டிக்கொள்ளும், உள்ளிருந்து திறக்கும் பொத்தானும் வேலை செய்யாது. சில நாள் பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம். அதனால் ஆள் இருக்கும் அறையைத் தொடக் கூடாது.

ஆள் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? செருப்பை வைத்துத்தான். உள்ளே போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொள்வார்கள். சூப்பர்வைசர் கலைச்செல்வி அக்கா கதவு கதவாகப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்வார்.

"தம்பி, ஏழுலயும் ஒம்போதுலயும் செருப்பு கெடக்குது. அது ரெண்டையும் உட்டுடு, மத்ததுக்குப் போட்டுக்க."

"சரிக்கா."

நிபந்தனையை எழுதினேன், ஓட்டினேன். திரையில் அறைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வரி வந்தது. ஏழு, ஸ்கிப், அதாவது தொடாமல் விட்டது. ஒன்பது, ஸ்கிப். நாலும் ஸ்கிப். நாலை நான் எழுதவே இல்லை.

சரி, என்ன கோளாறு என்று ஸ்கிரிப்டைத் திறந்தேன். 'அறை ஏழு இல்லை என்றால், அல்லது ஒன்பது இல்லை என்றால், ரீஸ்டார்ட் செய்' என்று எழுதியிருந்தேன். யோசித்துப் பாருங்கள், ஏழாவது அறை ஒன்பது இல்லையே, ஒன்பதாவது அறை ஏழு இல்லையே, அப்படியென்றால் எந்த அறையும் தப்ப முடியாது. 'அல்லது' வந்த இடத்தில் 'மற்றும்' வந்திருக்க வேண்டும். நான் எழுதியபடி பார்த்தால் பன்னிரண்டு கதவும் பூட்டியிருக்க வேண்டும்.

அதற்குள் கீழே கூச்சல். ஓடினேன். நாலாம் அறைக் கதவைத் திறந்து, பெட்டி அடுக்கும் குணசேகரை வெளியே தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே வழுக்கி விழுந்து, இறால் பெட்டிகள் காலின்மேல் சரிந்ததில் எழ முடியாமல் கிடந்திருக்கிறார். உதடு நீலமாக இருந்தது, ஆனாலும் வாய் ஓயவில்லை. என்னை எப்போதும் பிரெஞ்சுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி 'மொசியே' என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா மொசியே, ஏசி ரூம்லேர்ந்து எறங்கி வந்துட்ட? எங்க ஏசிய வந்து பாரு!"

"உன் செருப்பு எங்கடா?" என்று அக்கா கத்தினார்.

"கேட்டாண்டயே வாரு அறுந்துபோச்சுக்கா. தூக்கிக் கடாசிட்டு வெறுங்கால்ல வந்தேன்."

"எப்படா உள்ள போன?"

"பன்னண்டு ஆவ கால் மணி இருக்கும்."

அக்கா என்னைத் தனியே இழுத்துப் போனார். "நாலயும் உட்டிருக்க. யார்ரா சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லலக்கா. நான் எழுதினதே தப்புக்கா. மூணு பேரும் உள்ள மாட்டியிருக்கணும்."

அக்கா யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "வெளிய சொல்லாத. போயி வேலயப் பாரு."

வேலையைப் பார்த்தேன். சும்மா கிடந்த ஒரு சர்வருக்கு ஏழு என்று பெயர் வைத்து, அதே ஸ்கிரிப்டை, ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓட்டினேன். ரீஸ்டார்ட் ஆனது. ஒன்பது என்று வைத்தேன், நாலு என்று வைத்தேன். ஒருமுறைகூட விடவில்லை. பிறகு பழைய பதிவை எடுத்து நேரம் பார்த்தேன். எல்லா வரியும் பன்னிரண்டு இருபதுக்கு, நான் ஓட்டிய நேரத்துக்கு. நாலாவது வரி மட்டும் பதினொன்று நாற்பத்தாறு, குணசேகர் உள்ளே போன நேரம். அப்போது அக்கா போனே செய்யவில்லை, நான் அந்த நிபந்தனையை எழுதவே ஆரம்பிக்கவில்லை. கடிகாரம் பிசகியிருக்குமோ என்று அதையும் சோதித்தேன். சரியாகத்தான் ஓடியது.

தவறைத் திருத்தி வைத்தேன். அதை ஓட்டிப் பார்க்க என்டரைத் தட்ட வேண்டும். விரல் போகவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு பையை எடுத்துக்கொண்டேன்.

இன்றைக்கும் யாராவது சர்வர் தெரிந்தவர் கிடைத்தால் கேட்கிறேன். ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். அந்த நேரத்தைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அன்றிரவு கடலூர் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பில் மூடிய கடை வாசலில் படுத்தேன். விடிந்ததும் கடலூர் போகும் தனியார் பஸ் ஒன்றில் கிளீனர் வேலை கேட்டேன், ஆள் வரவில்லை என்று ஏற்றிக்கொண்டார்கள். முதல் நிறுத்தத்தில் விசில் கொடுக்காமல் கீழே இறங்கி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, இரண்டு படிக்கட்டையும் பார்த்தேன்.

"டேய், ஏறியாச்சுன்னு கண்டக்டர் சொல்லிட்டார்ல?" என்று டிரைவர் கத்தினார். "இன்னும் இன்னாடா பாக்குற?"

"ஒரு நிமிஷம்ணே" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை சுற்றி வந்து பார்த்த பிறகுதான் விசில் கொடுத்தேன்.