ஊசி பொறுக்கும் காந்தம்

என் மனைவியின் தையல் மிஷின் மேல் ஒரு காந்தம் கிடக்கிறது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், பிறை மாதிரி வளைந்தது. அவள் ஆரி வேலை செய்கிறவள். ஜாக்கெட் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்துப் பூ வைக்கிற வேலை அது. சாயங்காலம் எழுந்திருக்கும்போது தரையெல்லாம் ஊசியும் குண்டூசியும் சிந்திக் கிடக்கும். காந்தத்தைத் தரையோடு ஒரு இழுப்பு இழுத்தால் அத்தனையும் வந்து ஒட்டிக்கொள்ளும். மூன்று வருடம் அது அவளுக்கு ஊசி பொறுக்கிக் கொடுத்தது. கொடுத்தவன் நான்.

எனக்கு வேலை தென்காசியில் ஒரு விதைக் கம்பெனி ஆபீசில். கம்ப்யூட்டர் என் கிறுக்கு. கடையில் பெட்டியாக வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். என் கம்ப்யூட்டரின் மதர்போர்டு, மெமரி, மின்விசிறி என்று ஒவ்வொன்றாக வாங்கி நானே கோத்தேன். தெருவில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நானும் ஸ்குருடிரைவரை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டர் தோரணையில் போவேன். மதர்போர்டோடு வரும் கையேட்டைப் பிரித்ததே கிடையாது. அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் புளியங்குடிக்காரி. அவளுடைய அப்பா எலுமிச்சை மண்டியில் வேலை பார்த்தவர். நன்றாகத் தைக்கிறவர்கள் தென்காசியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவளுக்கு வரையவும் வரும். கோயில் தூணில் ஓடும் கொடி, குற்றாலத்துப் பாறையில் ஒட்டிக்கிடக்கும் பெரணிச் செடி, எலுமிச்சம்பூ என்று கண்ணில் பட்டதை நோட்டில் வரைந்து, கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து, கை அளவுக்கும் முதுகு அளவுக்கும் கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்வாள். நாலு வருட வேலை, அறுநூறு படத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. அதில் தைத்துப் பார்த்தது கால்வாசிகூட இருக்காது. ஒரு நாள் தனிக் கடை போடும்போது ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்று பத்திரப்படுத்தினாள். எல்லாம் என் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. ஸ்கேன் பண்ணியாச்சு, அப்புறம் இந்த நோட்டுகள் எதற்கு, கரையான் சேரும் என்று சொல்லி அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொன்னதும் நான்தான்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜை அன்று மத்தியானம், ஹார்டு டிஸ்க்கின் வேலையையே இன்னும் வேகமாகச் செய்கிற, புதிதாக வந்திருந்த எஸ்.எஸ்.டி ஒன்றை உட்கார்ந்து மாட்டினேன். பபிள்கம் பட்டை அளவுதான் இருக்கும். மதர்போர்டில் எம்.2 என்று அதற்கென்றே ஒரு இடம் உண்டு, சாய்த்துச் செருகி ஒரு திருகு திருகினால் முடிந்தது. ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று பிளக்கைக் கையில் எடுத்தேன். அதற்குள் அவள் கூப்பிட்டுவிட்டாள், நல்ல நேரம் முடியப் போகிறது என்று. பெட்டியை மூடி, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். அவள் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சார்த்தி, சூடம் காட்டினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. கம்ப்யூட்டரும் அன்று முழுக்க அப்படியே இருந்தது.

விஜயதசமி காலையில் ஓடவிட்டேன். புது எஸ்.எஸ்.டி தெரிந்தது, ஹார்டு டிஸ்க் தெரியவில்லை. கேபிளை மாற்றினேன். மாற்றிய கேபிளையும் அதே போர்ட்டில்தான் செருகினேன். மதர்போர்டில் கேபிள் செருகுகிற போர்ட் ஆறு இருந்தன, பக்கத்தில் இரண்டு காலியாகவே கிடந்தன. ஹார்டு டிஸ்க்கைக் கரண்ட் ஒயரோடு வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். உள்ளே சுற்றுகிற அதிர்வு கையில் நன்றாகத் தெரிந்தது. அப்போதுதான் பெட்டியின் மேல்புறம் காற்றுப் போக வைத்த வலையில் மஞ்சளாக ஒரு புள்ளி காய்ந்திருப்பதைப் பார்த்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

"சந்தனத்தத் தண்ணியாவா கரைச்ச?"

"கெட்டியாத்தான கரைச்சேன். வருசா வருசம் வைக்கதுதான."

"அப்போ இது என்னதுட்டி? உள்ள எறங்கி டிஸ்க்குல இருக்க போர்டு போயிருச்சு."

அவள் கிட்டே வந்து அந்தப் புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என் படமெல்லாம்?"

"போச்சு."

"வேற யாருட்டயாவது காமிச்சுப் பாப்பமா?"

"என்னவிட இங்கன எவனுக்குத் தெரியும்?"

அவள் புடவைத் தலைப்பை நனைத்து அந்தப் புள்ளியைத் துடைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அன்று பகல் முழுக்க நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தொலைந்தது அவளுடைய நாலு வருடம், கோபித்துக்கொண்டவன் நான்.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்க முடியாமல் அந்த டிஸ்க்கின் மூடியைக் கழற்றினேன். நட்சத்திர வடிவத் திருகுகளுக்கான ஸ்குருடிரைவர் என்னிடம் இருந்தது, அதில் ஒரு பெருமை வேறு. உள்ளே, படமெல்லாம் பதிந்திருந்த, கண்ணாடி போல மின்னிய தட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றைக் கீழே போட்டுக் கீறினேன். அதற்குள் இருந்த பிறை மாதிரிக் காந்தத்தை மட்டும் நெம்பி எடுத்து அவளிடம் நீட்டினேன். "இந்தா, ஊசி பொறுக்கவாவது ஆகும்." அவள் சிரித்தபடிதான் வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் அவள் வரையவில்லை. ஆரி வேலையை விடவில்லை. வருகிறவர்கள் போனில் படம் கொண்டுவருவார்கள், அதைப் பார்த்து அப்படியே போட்டுக் கொடுப்பாள். ஒரு தடவை வடகரையிலிருந்து வந்த அம்மா, முன்பு தனக்குப் போட்ட எலுமிச்சம்பூ டிசைனைத் தங்கச்சிக்கும் போடவேண்டும் என்றார். "அது இப்ப இல்லக்கா" என்று சொல்லி அனுப்பினாள். திரும்ப வரைந்தால் என்ன என்று கேட்டேன். "பென்சில எடுத்தா கை வரமாட்டேங்கு" என்றாள். அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "நீங்களே வச்சிருங்க. என் கை வேண்டாம்." பரவாயில்லை, ஜாக்கிரதை வந்துவிட்டது என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இந்த வருடம் சீசன் முடியப் போகிற நேரத்தில், குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் ஓர் அண்ணாச்சி கூப்பிட்டார். கேமராப் பதிவுகளைச் சேர்த்து வைக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். அவருடைய வரவேற்பறை மேஜையிலேயே உட்கார்ந்து கோத்தேன். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது, எண்ணெய்த் தலையும் ஈரத் துண்டுமாக ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒரு எம்.2 எஸ்.எஸ்.டி, மூன்று ஹார்டு டிஸ்க். ஓடவிட்டால் ஹார்டு டிஸ்க் இரண்டுதான் தெரிந்தது.

"ஒண்ணு டெட் அண்ணாச்சி. மாத்திருவோம்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்பதான பெட்டிய உடைச்சோம், அதுக்குள்ள எப்படிவே சாவும்? அதுக்கு ஒரு பொஸ்தகம் தந்திருக்கானே, அதப் பாத்தீரா?"

பெரியவர் மனசுக்காக என்று நினைத்துக்கொண்டு கையேட்டைப் புரட்டினேன். ஹார்டு டிஸ்க்குகளை இணைக்கும் பக்கத்தில் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. எம்.2 இடத்தில் எஸ்.எஸ்.டி மாட்டினால் ஐந்தாம் போர்ட்டும் ஆறாம் போர்ட்டும் வேலை செய்யாது. எஸ்.எஸ்.டிக்கும் அந்த இரண்டு போர்ட்டுக்கும் போர்டுக்குள் ஒரே பாதை, அது வந்தால் இவற்றுக்கு அடைப்பு. கேபிளைப் பிடுங்கி மூன்றாம் போர்ட்டில் செருகினேன். செத்துப்போனது என்று நான் சொன்ன டிஸ்க் நல்லபடியாக வந்து நின்றது. அண்ணாச்சி சந்தோஷமாகச் சுக்குக் காப்பி வரவழைத்தார். நான் அதை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

தென்காசிக்கு வரும் வழியெல்லாம், என் வீட்டு போர்டு வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். பரணில் இருந்த பெட்டியிலிருந்து கையேட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. பிரித்துப் பார்த்தால் அதே பக்கம், அதே குறிப்பு. கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த டிஸ்க் இருந்த போர்ட்டுக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த எண்ணை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து. வேறொரு ஹார்டு டிஸ்க்கை அதில் செருகினேன், தெரியவில்லை. மூன்றில் செருகினேன், தெரிந்தது. எல்லாம் சேர்த்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அவளே மறந்துவிட்டாள், எதற்குக் கிளறவேண்டும் என்று நல்லவன் மாதிரி யோசித்துப் பார்த்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. அவள் காந்தத்தை எடுத்து ஊசி பொறுக்கும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போலக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். கம்ப்யூட்டருக்கு வைத்தேன், பைக்குக்கு வைத்தேன், திரும்பி வரும்போது தையல் மிஷின் கண்ணில் பட்டது. அது வெறுமனே இருந்தது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நான் அதற்கு வைக்கவே இல்லை. அவளும் வைக்கவில்லை. தன் மிஷினைக்கூடத் தன் கையால் தொட்டுப் பொட்டு வைக்க அவள் பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உன் சந்தனத்தால ஒண்ணும் ஆகல" என்றேன். போர்ட் விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவள் நின்றபடியே கேட்டாள்.

"நீங்க அதத் தொறக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"படமெல்லாம் உள்ள இருந்துச்சா?"

"எல்லாம் இருந்துச்சு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கி, ஒரு விரலில் சந்தனத்தைத் தொட்டுத் தையல் மிஷினின் நெற்றியில் வைத்தாள். கெட்டியான சந்தனம், வைத்த இடத்தில் அப்படியே நின்றது. பிறகு காந்தத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கெட்டுப்போனதுல இருந்து எடுத்ததுன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே அதை வைத்தாள்.

விஜயதசமி முடிந்து மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தாள். சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வரும்போது சட்டத்தை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தாள். காந்தம் மிஷின் மேல் இருந்தது. அவள் தரையில் குத்தவைத்து, ஊசிகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.