காலையில் கேட்காத கம்பி

புயல் அடித்துப்போன மூன்றாம் மாதம், கல்முனையிலிருந்து நிந்தவூருக்குப் போகும் தொலைபேசிக் கம்பிக்கு விசித்திரமான ஒரு நோய் வந்தது. விடியக்காலையில் ஒரே இரைச்சல். அந்தப் பக்கத்துப் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிவிடும். வெயில் ஏறிப் பத்து மணியானால், ஒருவரும் தொடாமலே சரியாகிவிடும்.

லைன்மேன் மர்சூக்குக்கு அது பெரிய உறுத்தலாக இருந்தது. மருதமுனைக்காரர், பதினொரு வருட வேலைக்காரர். புயலில் சாய்ந்த தூண்களை நிமிர்த்திக் கம்பி இழுத்தவர்களில் அவரும் ஒருவர். அறுந்த கம்பி நாள் முழுக்க அறுந்தேதான் கிடக்கும். இது மட்டும் ஏன் நேரம் பார்த்து வருகிறது?

மேலிடத்துக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. கல்முனை ஓப்பரேட்டர் ஸம்ஸியா வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். அவளுக்கு இணைப்புக் கொடுக்கத் தெரியவில்லை என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவள் அதை மடித்து வைத்துவிட்டு, அண்ணன்போல் பழகும் மர்சூக்கைக் கூப்பிட்டாள்.

"காக்கா, நான் கவனிச்சுப் பாத்தன். மழை பெஞ்சா, ரெண்டு மூணு நாளைக்கு விடியவும் நல்லாக் கேக்குது. மழை இல்லாட்டித்தான் இந்தக் கரைச்சல்."

மர்சூக் நம்பவில்லை. மழை கம்பியைக் கெடுத்து அவர் பார்த்திருக்கிறார்; குணப்படுத்திப் பார்த்ததில்லை. ஆனால் மழை பெய்த நாட்களை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, முறைப்பாடு வராத நாட்களோடு அவை அப்படியே பொருந்தின.

மறுநாள் விடியச் சுபஹு தொழுததும் சைக்கிளை எடுத்தார். காரைதீவில் ஒரு தூணில் ஏறிக் கம்பியை இரண்டாகப் பிரித்து, கையோடு கொண்டுபோன தொலைபேசியை மாட்டினார். கல்முனைப் பக்கம் ஸம்ஸியாவின் குரல் தெளிவாக வந்தது. நிந்தவூர்ப் பக்கம் இரைச்சல். அடுத்த நாள் அந்தப் பக்கத்தைப் பாதியாக்கினார். அதற்கடுத்த நாள் அந்தப் பாதியையும் பாதியாக்கினார். வெயில் ஏறி இரைச்சல் அடங்குவதற்குள் நாளுக்கு ஒரு சோதனைதான் செய்ய முடிந்தது. ஐந்தாம் நாள் இருபத்திரண்டு தூண்கள் மிஞ்சின.

அந்தத் தூண்கள் நிலக்காரர் வேலப்போடியாரின் தென்னங்காணி ஓரமாக நின்றன. மர்சூக் ஒன்றில் ஏறினார். கம்பியில் குறையில்லை. கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழிலும் வெடிப்பில்லை. ஆனால் பனியில் நனைந்திருந்த குமிழ் விரலில் பிசுபிசுத்தது. என்னவென்று பார்க்க விரலை நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது.

தூணில் நின்றபடியே கிழக்கே திரும்பினார். அலை உடைவது வெட்டவெளியாகத் தெரிந்தது. முன்பெல்லாம் அங்கே நின்றால் தென்னோலையைத் தவிர வேறெதுவும் தெரியாது. காணியில் இப்போது முறிந்த குற்றிகள்தான். மறைக்க மரமில்லாததால் கடற்காற்று உப்பை நேரே கொண்டுவந்து குமிழ்களில் அப்பியிருந்தது. பனியில் அது நனைந்ததும் மின்சாரம் தூண்வழியே கசிந்தது. வெயில் காய வைத்தது, மழை கழுவிவிட்டது.

கீழே இறங்கி, தூண் கழுவ வேலப்போடியாரிடம் கிணற்றுத் தண்ணீர் கேட்டார்.

"கம்பத்தையா கழுவப் போறாய் தம்பி?" என்றார் அவர்.

"ஓம் போடியார். நாளைக்கு விடியத் தெரியும், நான் பைத்தியமா இல்லையா எண்டு."

போடியார் சிரிக்கவில்லை. வாளியோடு தானும் வந்தார். மர்சூக் இருபத்திரண்டு தூண்களிலும் ஏறி ஒவ்வொரு குமிழையும் துணியால் துடைத்து முடிக்கையில் பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள்.

மறுநாள் விடிய, நிந்தவூரிலிருந்து முதல் அழைப்பு வந்தது. பேசியவர் வழக்கம்போல் கத்தினார். கத்தத் தேவையில்லை, மெதுவாகவே கதைக்கலாம் என்றாள் ஸம்ஸியா.

விளக்கக் கடிதத்துக்கு அவளே பதில் எழுதினாள்: காரணம் கடல், சாட்சி லைன்மேனின் நாக்கு. அதற்குப்பிறகு அவளிடம் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தூண்களைக் கடற்காற்று நேரே படாதபடி தெருவுக்கு மேற்கே தள்ளி மாற்றினார்கள். அதுவரை மழையில்லாத பனிநாட்களில் மர்சூக் வாளியோடு போய்க் கழுவிக்கொண்டுதான் இருந்தார்.