வீட்டில் வைக்கக் கூடாத படங்கள்

போன வாரம் பாபநாசத்தில் ஓர் உரக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். யூரியாவும் பூச்சிமருந்தும் கலந்த நெடி உள்ளேயிருந்து வந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்த நெடியில் வயல் ஞாபகம் வரும். எனக்கு ஹார்ட் டிஸ்க் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். நான் முதன்முதலில் வேலை பார்த்த கம்பெனி ஓர் உரக்கடையின் மாடியில்தான் இருந்தது. கீழே மூட்டை இறக்கினால் மேலே எங்கள் மேஜையெல்லாம் வெள்ளைத் தூசு படியும்.

கம்பெனி என்றா சொன்னேன்? ஒரே ஒரு அறை. முதலாளி யூசுப் பாய், சவுதியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வெறும் டிஸ்க்குகளை வாங்கி வந்து, சின்னப் பெட்டிக்குள் பொருத்தி, ஸ்டிக்கர் ஒட்டி போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்கு விற்றார். பெட்டிக்குத் திருகாணி முடுக்குவது என் வேலை. பையன் கம்ப்யூட்டரில் இருக்கிறான் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். கையில் இருந்ததென்னவோ ஸ்க்ரூ டிரைவர்தான்.

அப்போதெல்லாம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த வேகத்தில் டிஸ்க்கைச் சாகடித்துவிட்டுப் போகும். கல்யாணப் படம் மொத்தமும் போய்விட்டது என்று திருக்காட்டுப்பள்ளி ஸ்டுடியோக்காரர் ஒருவர் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான், "எல்லாத்துக்கும் ஒரு காப்பி நம்மகிட்ட வெச்சுக்குவோம்" என்றார் பாய். பிறகு வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்தே பார்க்கட்டும் என்று ஆன்லைன் வந்தது. ஆன்லைன் என்பது பெயர்தான். அன்றைய நெட்டில் ஒரு கல்யாணம் ஏறுவதற்குள் மறுவீடு விருந்தே முடிந்துவிடும். அதனால் குடவாசலிலிருந்தும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்தும் டிஸ்க்குகள் மஞ்சள் பையில் சுற்றி பஸ்ஸில் வரும். கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போவார்.

ஆனால் கம்பெனி வளர்ந்தது கல்யாணத்தால் இல்லை, சாவால். இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. குவைத்திலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மா இறந்தால் பல சமயம் வந்து சேர முடியாது. அவர்களுக்காகச் சாவு வீட்டை வீடியோ எடுப்பது அப்போது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டிருந்தது. பிள்ளை அங்கே பார்த்து அழுதுவிடும். அதன் பிறகு அந்தப் படத்தை என்ன செய்வது? வீட்டில் வைக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். அழிக்கவும் கை வராது. ஒரு நாள் ஓர் அம்மாள் மாடியேறி வந்து டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார். "இத நீங்களே வெச்சுக்கங்க தம்பி. எங்க வீட்ல வேணாம். ஆனா இருக்கணும்" என்றார். அப்படி வந்தவர்கள் அதிகமாகி, மாடி போதாமல் தஞ்சாவூரில் ஏசி போட்ட கட்டடத்துக்குப் போனோம். எங்களுக்கெல்லாம் கழுத்தில் அட்டை தொங்கியது.

என் வேலையும் உயர்ந்தது. ஏற்றிய படம் ஒழுங்காக ஓடுகிறதா என்று கடைசிவரை ஓட்டிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சாவுப் படம் ஓடும்போது அறையில் டீ குடிக்கக் கூடாது என்பது பாயின் கட்டளை. "மய்யித்து இருக்கற எடம்னு நெனச்சுக்கங்க. பாத்தத வெளியில பேசக்கூடாது" என்பார். இறந்தவர் எந்த மதமானாலும் அவருக்கு ஒன்றுதான். எனக்கு யார் யாரோ அம்மாக்கள் மனதில் தங்கிப்போனார்கள். உண்மையைச் சொன்னால், சில நாள் சோறு இறங்காது.

அந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் செல்வம் அண்ணன். குடவாசல் பக்கத்துக் கிராமம், குவைத்தில் டிரைவர். அம்மா இறந்தபோது அங்கே இருந்த முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை, வர முடியவில்லை. எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்த பிள்ளையும் அம்மாவுக்கு இளைய பிள்ளையும் கொள்ளி வைக்க வேண்டும். செல்வம் இளையவர். அவர் இடத்தில் அவருடைய அண்ணன் நின்று கொள்ளி வைத்துவிட்டார். "எனக்குள்ளத அவரு செஞ்சிட்டாரு. ஒரு வார்த்த கேக்கல" என்று அண்ணனோடு பேச்சையே நிறுத்திவிட்டார். வருஷா வருஷம் அம்மாவின் திதி நெருங்கும்போது எனக்கு போன் செய்வார்.

"இருக்கா தம்பி?"

"இருக்குண்ணே. பாக்குறீங்களா, லிங்க் அனுப்பவா?"

"வேணாம், வேணாம். இருக்கட்டும்."

அந்தப் படத்தை நான் முழுவதும் பார்த்திருந்தேன். அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பாயின் கட்டளை இருந்ததால் நானாக எதுவும் சொன்னதில்லை.

கம்பெனி வளர்ந்தது, பெரிய ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டது. பாய்க்கு வயதாகியிருந்தது, கொடுத்துவிட்டார். வாங்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை, வியாபாரிகள். ரொம்ப நாள் திறக்காத கணக்குகளை அழிக்கப் போகிறோம், முன்னதாக மெயில் அனுப்புவோம் என்றார்கள். "மெயில் வேணாங்க, போன் பண்ணி சொல்லுங்க" என்று பாய் மன்றாடினார். நடக்கவில்லை. மெயில் போகத்தான் செய்தது. ஆனால் எங்கள் ஜனங்களில் பாதிப்பேருக்கு மெயிலே கிடையாது. கணக்குத் தொடங்க மெயில் வேண்டுமே என்று கவுன்டரில் இருந்தவர்களே ஆளுக்கொரு முகவரியை உண்டாக்கிக் கொடுத்திருந்தார்கள். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு வாடிக்கையாளருக்கும் தெரியாது, உண்டாக்கியவருக்கும் ஞாபகமில்லை. எச்சரிக்கைகளெல்லாம் யாரும் திறக்காத பெட்டிகளில் போய் விழுந்தன. செல்வம் அண்ணனுக்குச் சொல்லலாமென்றால், அவர் நம்பர் இருந்த கம்பெனி போனை அதற்கு முன்பே வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு அழித்துவிட்டார்கள். வேலையை விட்டு வந்த நான் பாபநாசத்தில் ஜெராக்ஸ் கடை போட்டேன்.

சென்ற மாதம் அந்தக் கடைக்கு செல்வம் அண்ணன் விசாரித்துக்கொண்டு வந்து நின்றார். குவைத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டாராம். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அண்ணனுக்கு முடியல தம்பி. வந்து பாத்துட்டுப் போன்னு ஆள் அனுப்பிருக்காரு. போறதா வேணாமான்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. அம்மா படத்த ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன்."

அழிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பாயின் கட்டளையை மீறினேன்.

"அண்ணே, நான் அதப் பாத்திருக்கேன். சொல்லட்டுமா?"

தலையை மட்டும் அசைத்தார்.

சிதைக்கு முதுகு காட்டித்தானே கொள்ளி வைப்பார்கள்? கேமராக்காரர் எதிரே நின்றதால் அண்ணன்காரர் முகம் படத்தில் நேராகத் தெரிந்தது. நெருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். யாரோ அவசரப்படுத்தினார்கள். அப்போது வாய்க்குள்ளேயே சொன்னது மைக்கில் விழுந்திருந்தது. "இது செல்வம் வெக்கிறதா நெனச்சுக்கம்மா. கை மட்டுந்தான் என்னுது." அதன் பிறகுதான் வைத்தார்.

செல்வம் அண்ணன் மெஷினை விட்டு என் பக்கம் திரும்பினார். "நெசமா இப்படித்தான் சொன்னாரா? எனக்காகச் சேத்துச் சொல்லலையே நீங்க?" என்று கேட்டார்.

"சத்தியமாண்ணே."

அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும்? அத்தனை வருஷம் அத்தனை பேருக்குப் படம் காட்டிய எனக்கு, அந்த ஒருவருக்குப் போட்டுக் காட்ட எதுவும் இல்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து குடவாசல் பஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டு போனார்.

முந்தாநாள் செல்வம் அண்ணன் போன் செய்தார். அவர் ஊருக்குப் போனபோதே அண்ணனுக்குப் பேச்சு நின்றிருந்ததாம். கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் பக்கத்தில் இருந்திருக்கிறார். அண்ணன் இறந்ததும், கொள்ளி வைத்த அண்ணன் மகனோடு கூடவே சுடுகாட்டுக்குப் போயிருக்கிறார். "அவருகிட்ட கேக்க முடியாமப் போச்சு தம்பி. அன்னிக்கு அவரு சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் நான் சொன்னபோது "நெனச்சுக்கம்மா" என்றிருந்தேன். இப்போது "நெனச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் அம்மா என்று கூப்பிட்டாரா இல்லையா? கண்ணை மூடி எவ்வளவோ யோசித்தும், எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.