ஓ, 1001

அந்த ஞாயிற்றுக்கிழமை அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், கல்லாவியிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த அப்பா, ஓசூர் சிப்காட்டில் புரோகிராம் போட்டு இரும்பு கடையும் சிஎன்சி மெஷின் ஓட்டும் என் அறைத் தோழன். இல்லாதவர், எனக்குப் பழைய லேப்டாப்பை விற்ற பெங்களூர்க் கடைக்காரர். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அது அப்போது எனக்கே தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போக வேண்டும். நூலகப் புத்தகங்களைப் பதிந்து வைக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் ஜாவா புராஜெக்ட்டைச் சொல்லி, "இதை உங்க லேப்டாப்ல ஓட வச்சுக் கொண்டு வாங்க, அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்" என்றிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஓட வைப்பதுதான் பாடு. அதற்கு வேண்டிய நூற்றுக்கணக்கான துணைக் கோப்புகளை மேவன் என்ற கருவி இணையத்திலிருந்து இழுத்து வந்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும்.

எனக்கு இழுத்து வந்தது, கட்டவில்லை. இரண்டு நாளாக ஒரே சிவப்பு வரி. ஃபைல் இல்லை என்றது. ஃபைலோ கண்ணெதிரே இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எது தப்பானாலும் என் படிப்பில்தான் ஓட்டை என்று எடுத்துக்கொள்வேன். காலையெல்லாம் ஜாவா பாட வீடியோக்களை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோழன் எட்டிப் பார்த்தான். "மச்சி, அந்த வரிக்கு நடுவுல எதுக்கு அஞ்சாறு கேள்விக்குறி?"

"யூசர் ஃபோல்டர் பேருடா, எல்லா ஃபைலும் அதுக்குள்ளதான் இருக்கு. பழைய ஓனர் கன்னடத்துல வச்சிருக்காங்க. மாத்த வரல, விட்டுட்டேன்."

அவன் கர்நாடக எல்லையோரத் தளிக்காரன், வீட்டில் கன்னடம். ஃபோல்டரைத் திறந்து வாசித்துச் சிரித்தான். "பொண்ணு பேருடா இது."

கட்டிலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "எந்தப் பொண்ணு?"

"பொட்டிக்குள்ள ஒண்ணு இருக்குதுப்பா. ரெண்டு நாளா இவன் அதுங்கூடத்தான் மல்லுக்கட்டிக்கினு இருக்கான்."

பிறகு என் பக்கம் திரும்பினான். "எங்க மெஷின்ல புரோகிராம் பேருன்னா இங்கிலீஷ் ஓ, பின்னால நாலு நம்பர். வேற என்னா போட்டாலும் எடுத்துக்காது. உன் ஜாவாவும் பழசுதான? அதுக்குக் கன்னடம் வரலடா, அவ்ளோதான்."

பழைய ஓனரின் பெயரை ஏன் அழிக்காமல் விற்றீர்கள் என்று அந்தக் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். இங்கிலீஷ் பெயரில் புது ஃபோல்டர் கிடைக்க, லேப்டாப்பில் புது யூசர் ஒன்று தொடங்கினோம். பெயர் கேட்டது. அவனே அடித்தான்: ஓ, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று.

புது யூசர் வந்ததும் மேவன் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து இழுக்க ஆரம்பித்தது. பழையதை நகலெடுத்து வைத்திருக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது. என் டேட்டா வீடியோவிலேயே தீர்ந்திருந்தது. தோழனுடையது கால் மணியில் காலி.

"எங்கிட்ட இருக்குதே, எடுத்துக்க. மாட்டுச்சந்தை வீடியோவ நான் நாளைக்குப் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

அவர் பஸ்ஸில் வீடியோ பார்த்தது போக மிச்சமிருந்த டேட்டாவும் பாதியில் தீர்ந்தது. தோழன் ஒரு டேட்டா பேக் போட்டான். வரிகள் திரும்ப ஓடின.

"இதெல்லாம் எங்கிருந்து வருது?"

"ஒலகம் பூரா இருந்துப்பா. எழுதுனவங்க சும்மாவே குடுக்கறாங்க."

"நல்ல சனங்கதான்" என்று கடலையை என் பக்கம் தள்ளினார்.

கடைசி வரி பச்சையில் வந்தது.

"பச்சைன்னா நல்லதா?"

"நல்லதுப்பா."

தோழன் என் முதுகில் வைத்த அறை மறுநாளும் வலித்தது. திரையில் நூலகத்தின் முகப்பு திறந்தது. முதல் உறுப்பினராக அப்பாவைச் சேர்த்தேன். எந்த நூலகத்திலும் அவர் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை. பிறகு மூவரும் பிரியாணி சாப்பிடப் போனோம்.

திங்கட்கிழமை கம்பெனியில் திறந்து காட்டினேன்; ஓடியது. ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொன்னார்கள். இந்த வேலைக்கு எங்களுக்கு ஆன செலவு, டேட்டா பேக் பத்தொன்பது, பிரியாணி முந்நூற்று அறுபது, மொத்தம் முந்நூற்று எழுபத்தொன்பது ரூபாய்.