வேம்பு திருடிய மரக்கால்

என் சின்னம்மா வேம்புவைக் கோபக்காரி என்று சொன்னவர்கள் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னவர்கள். விவரம் தெரியாத வயதிலேயே நாற்றுக்கட்டு சுமந்தவள் அவள். கணவன் பாம்பு கடித்து வயல் வரப்பிலேயே செத்தான். மறுநாளும் நடவுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியது பண்ணை. கோபப்படாமல் வேறு என்ன படுவாள்?

ஆட்சி மாறியிருந்தது. கூலியை உயர்த்திச் சட்டமும் வந்திருந்தது. எங்கள் ஊரில் மட்டும் பண்ணையின் பழைய மரக்கால்தான் ஆண்டுகொண்டிருந்தது. கூலி நெல்லை அதில் அளந்து போடுபவர் காரியஸ்தர் பஞ்சநதம். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்தால் குறையும். ஏன் என்று கேட்டால், "உங்க வூட்டு எலியப் போயி கேளு" என்பார். எங்கள் பசியை எலியின் தலையில் கட்டிய புண்ணியவான்!

ஒரு நாள் களம் கூட்டும்போது சின்னம்மா அந்த மரக்காலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அடிப்பலகைக்கு மேல் இன்னொரு பலகை வைத்து அடித்திருந்தது. வெளியே பண்ணையின் சூட்டுக்குறி, உள்ளே இந்தத் திருட்டு. அவள் சத்தம் போடவில்லை. மரக்காலை வைக்கோல் கட்டுக்குள் மறைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்து இளையபெருமாள் அண்ணன் அதைத் தட்டிப் பார்த்தார். "தஞ்சாவூர்ல கூலிப் பேச்சு நடக்கப்போவுது. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. இதக் கொண்டாந்து மேசை மேல வையி வேம்பு" என்றார்.

மரக்காலைப் பழம்புடவையில் சுற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன். கால் வைக்க இடமில்லை. நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவைப்பதும், இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்வதும் எங்கள் பக்கத்துப் பழக்கம். சின்னம்மாவும், "செத்த வச்சுக்கங்கய்யா" என்று பையை நீட்டினாள். கைமாறிக் கைமாறி அது முன்வரிசைக்குப் போனது. யார் மடிக்குப் போனது என்று நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வழியில் ஒரு கடைத்தெருவில் பஸ் நின்றது. முன்படியில் இறங்கிய ஆளின் அக்குளில் எங்கள் மஞ்சள் பை. ஆள் திரும்பியபோது பார்த்தால் பஞ்சநதம்! வருஷக்கணக்காக அதைப் பிடித்து அளந்த கை, துணிக்கு மேலேயே கண்டுபிடித்துவிட்டது.

"யோவ் பஞ்சநதம், நில்லுய்யா!"

அய்யா என்பதைத் தவிர வேறு சொல்லால் அவரைக் கூப்பிட்டறியாதவள், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்து ஓடினாள். அவர் தோள்துண்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"எங்க பண்ணை மரக்காலத் திருடிட்டு, என் மேலயே கைய வக்கிறா பாருங்க!" என்று அவர் கத்தியதைக் கடைத்தெருவே கேட்டது. போலீஸ்காரர் ஒருவர் எங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே பஞ்சநதம் பெரிய மனுஷன் ஆகிவிட்டார். "பொருள் எங்களுதுங்க. குடுத்துடுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன். ஏழை பாழை, கேஸெல்லாம் எதுக்கு?"

"ஏன், எழுதட்டுமே" என்றாள் சின்னம்மா. "ஆமாங்க ஏட்டய்யா, பண்ணை மரக்காலுதான். நாந்தான் திருடுனேன். எழுதுறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டுப் பாருங்க."

ஏட்டு கையை விட்டார். விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு பஞ்சநதத்தை நிமிர்ந்து பார்த்தார்.

காரியஸ்தரின் குரல் இறங்கிவிட்டது. "எங்களுது மாதிரி இருந்துச்சுங்க. சூட்டுக்குறிய எவன் வேணா போடலாம். எங்களுது இல்ல."

"அப்ப நீயே எடுத்துக்கிட்டுப் போம்மா" என்று ஏட்டு பையைத் தள்ளினார். நான் ஆசையாகக் கையை நீட்டினேன். சின்னம்மா பட்டென்று அடித்தாள்.

"என்னுதுன்னு வாங்கிட்டுப் போனா, பலகையும் நானே அடிச்சேம்பாங்க. எனக்கு வேணாம். இது பண்ணையோடது, நான் திருடி. கடைத்தெருவே சாட்சி. என்னை உள்ள போடுங்க, இதக் கோர்ட்டுல வைங்க. எவரு வந்து என்னுதுன்னு கேக்குறாருன்னு பாத்துருவோம்."

சொல்லிவிட்டு வாசற்படியை மறித்து உட்கார்ந்துவிட்டாள். பஞ்சநதம் கெஞ்சினார். கேஸ் எழுதும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

தஞ்சாவூர்ப் பேச்சுக்கு நாங்கள் போகவில்லை. சின்னம்மா ஜெயிலில் கிடந்தாள். கோர்ட்டில் அந்த மரக்காலுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் வரவில்லை. திருட்டுக் கொடுத்தவன் இல்லாமல் திருடி ஏது? வழக்கு தள்ளுபடியானது, அவள் வெளியே வந்தாள்.

அடுத்த அறுவடைக்குப் பண்ணை புது மரக்கால் வாங்கியிருந்தது. பஞ்சநதம் நெல்லை அள்ளக் குனிந்தார். சின்னம்மா மரக்காலை அவர் கையிலிருந்து வாங்கினாள். உள்ளே கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்தாள். அடுத்து நின்றவளிடம் கொடுத்தாள். அவளும் தடவிப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். வரிசை முழுக்கப் போய்த் திரும்பி வரும்வரை காரியஸ்தர் வெயிலில் நின்றார்.

"ம், அளங்க" என்றாள் சின்னம்மா. அய்யா போடவில்லை.